கைக்குழந்தைக்கு ஆறாம் வாரத்தில் ரத்தப் பரிசோதனை ஏன்?



எச்.ஐ.வி. கிருமி உள்ள ஒரு தாய், ஒரு மாதக் குழந்தையுடன் துணை சுகாதார நிலையத்துக்கு வருகிறார். அருகில் வேறு யாரும் இல்லை.

"நர்ஸம்மா, புள்ள கொழுகொழுன்னு நல்லாத்தானே இருக்கு? நானும் மாத்திரைய ஒரு வேளைகூட விடல. பிறகு எதுக்கு இதுக்கு ரத்தம் எடுக்கணும்? யாராச்சும் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"பயப்படாதேம்மா. ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரி போவியே, அப்பவே நம்பிக்கை மையத்துல குதிகால்ல சில சொட்டு எடுப்பாங்க. விஷயம் வெளிய போகாது. புள்ள நல்லா இருக்கும்போதே பார்த்துடணும்."

நர்ஸ் அம்மா சொன்னதன் காரணத்தைப் பார்ப்போம்.

பிஞ்சு உடம்பின் காவல்

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் நோயை எதிர்க்கும் காவல்காரர்கள். அவர்களில் சி.டி.4 அணுக்கள் மற்றவர்களை ஏவி வேலை வாங்கும் தலைவர்கள். பிறந்த குழந்தையிடம் இந்த அணுக்கள் பெரியவர்களைவிட அதிகம். ஆனால் எல்லாம் புதியவை. எந்த நோயையும் இன்னும் சந்திக்காதவை. நெஞ்செலும்பின் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில்தான் இவை பயிற்சி பெறுகின்றன.

கிருமி செய்யும் கேடு

எச்.ஐ.வி. தாக்குவது இந்தத் தலைவர்களையும், பயிற்சி தரும் தைமஸையும்தான். பெரியவர்கள் உடம்பு சில வாரங்களில் கிருமியை ஓரளவு அடக்கி வைக்கும். பல வருடம் நோய் தெரியாது. பிஞ்சு உடம்புக்கு அந்தப் பலம் வரவில்லை. கிருமி மாதக்கணக்கில் பெருகிக்கொண்டே போகும். தடுப்பூசியின் பலனும் சரியாக நிலைக்காது. 3 முதல் 6 மாதத்துக்குள் கடுமையான நிமோனியா தாக்கலாம். சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் 2 வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். அதுவரை கொழுகொழுவென்று இருந்த குழந்தையும் இதற்கு விலக்கல்ல.

உடனே மருந்து தொடங்கினால் நிலைமை மாறும். தென்னாப்பிரிக்காவில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் மருந்து தொடங்கிய குழந்தைகளிடையே, காத்திருந்து தொடங்கியவர்களைவிட இறப்பு 76 சதவீதம் குறைந்தது.

சாதாரணப் பரிசோதனை போதாதா?

போதாது. அது எதிர்ப்புப் பொருளைத்தான் காட்டும். தாயின் எதிர்ப்புப் பொருள் கருவிலேயே குழந்தைக்கு வந்து, 18 மாதம் வரைகூட ரத்தத்தில் தங்கும். கிருமி இல்லாத குழந்தைக்கும் 'உண்டு' என்று காட்டிவிடும். எனவே கிருமியையே நேராகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை ஆறாம் வாரத்தில் செய்யப்படுகிறது.

தாய் செய்ய வேண்டியவை

1. உங்கள் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். தாயும் சேயும் முறையாக மருந்து எடுத்தால் நூற்றுக்கு 95-க்கு மேற்பட்ட குழந்தைகள் கிருமியின்றித் தப்புகின்றன.

2. குழந்தைக்குத் தரும் தடுப்பு மருந்தை டாக்டர் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

3. தாய்ப்பால் கொடுத்தால் ஆறு மாதம் அது மட்டுமே. சேனை, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், பாட்டில் பால் எதுவும் கலக்க வேண்டாம். கலந்து கொடுத்தால் கிருமி தொற்றும் ஆபத்து கூடும்.

4. ஆறாம் வாரத்தில் 'இல்லை' என்று வந்தாலும் அடுத்தடுத்த பரிசோதனைகளை விடாதீர்கள். 18 மாதத்தில் செய்வதே முடிவானது.

5. சந்தேகம் இருந்தால் 1097-க்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை.

அந்தத் தாய் கேட்டார்: "ஒருவேளை 'இருக்கு'ன்னு வந்துட்டா, அம்மா?"

"அன்னிக்கே மருந்து ஆரம்பிக்கலாம். உன் புள்ளையும் பள்ளிக்கூடம் போகும், ஓடி விளையாடும். தெரியாம விடுறதுதாம்மா ஆபத்து."

"சரிங்கம்மா. தடுப்பூசி அன்னிக்கே போயிடுறேன்."

ஆறாம் வாரத்தில் அறிவோம்! அரும்புகளைக் காப்போம்!