மூச்சுச் சீராக்கி வாங்கப் போகிறீர்களா?

நம் சங்கக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இப்போது கடலுக்கடியில் நீந்தக் கற்று வருகிறார்கள். வெள்ளி இரவு பெங்களூரில் பஸ் ஏறி, முருடேஸ்வரம் போய், அங்கிருந்து படகில் நேத்ராணித் தீவுக்குச் செல்கிறார்கள். புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் போகிறவர்களும் உண்டு. பயிற்சி முடிந்ததும் அவர்கள் வீட்டில் கேட்கும் முதல் பொருள் 'ரெகுலேட்டர்'. விலையோ பல பத்தாயிரம். பெற்றோருக்கு அது என்னவென்றே தெரியாது. பீனியாவில் முப்பது ஆண்டுகள் காற்றழுத்த வால்வுகளோடு வேலை செய்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். இது பயிற்சிக்கு மாற்று அல்ல. கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது மட்டுமே.

கேஸ் அடுப்பும் கடலும்

ரெகுலேட்டர் நம் சமையலறையிலேயே இருக்கிறது. கேஸ் சிலிண்டரின் தலையில் மாட்டும் கருவி, உள்ளே இருக்கும் அதிக அழுத்தத்தைக் குறைத்து, எப்போதும் ஒரே மெல்லிய அழுத்தத்தில் அடுப்புக்கு அனுப்புகிறது. முழுக்காளியின் ரெகுலேட்டருக்கு வேலை இன்னும் கடினம். அது எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தர வேண்டும் என்பது ஆழத்துக்கு ஆழம் மாறும்.

கரையில் நம்மைச் சுற்றியுள்ள அழுத்தம் ஏறத்தாழ 1 பார். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு பார் கூடும். 20 மீட்டர் ஆழத்தில் 3 பார். நெஞ்சை 3 பார் அழுத்தும்போது காற்றும் 3 பார் அழுத்தத்தில் வந்தால்தான் மூச்சை இழுக்க முடியும்.

சிலிண்டரில் இருப்பது பலர் நினைப்பதுபோல் ஆக்சிஜன் அல்ல. வடிகட்டி அடைத்த சாதாரணக் காற்று. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அடைத்தால் 2,200 லிட்டர் காற்று. 50 பாரை ஆபத்துக்கென மிச்சம் வைத்தால் 1,650 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அது மேற்பரப்பில் 80 நிமிடத்துக்கு மேல் வரும். 20 மீட்டர் ஆழத்தில் 27 நிமிடம்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று அந்தச் சிறிய கருவி வழியே பாய வேண்டும். எனவே கரையில் இலகுவாக மூச்சு தரும் கருவி ஆழத்திலும் அப்படியே தரும் என்று நம்பிவிடக் கூடாது.

இரண்டு படிகள்

அழுத்தம் இரண்டு படிகளில் குறைகிறது. சிலிண்டரின் தலையில் மாட்டுவது முதல் நிலை. அது 200 பாரை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 8 முதல் 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கிறது. வாயில் கவ்வுவது இரண்டாம் நிலை. மூச்சை இழுத்தால் அதனுள்ளிருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு உள்வாங்கி ஒரு நெம்புகோலை அழுத்தும். வால்வு திறந்து காற்று வரும். இழுப்பதை நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்ளும்.

கேட்டால்தான் கொடுக்கும் இந்த ஏற்பாட்டின் வரலாறு சுவையானது. 1860களிலேயே பிரான்சில் ரூக்கேரோல் என்ற சுரங்கப் பொறியாளரும் தெனேருஸ் என்ற கடற்படை அதிகாரியும் இதன் முன்னோடியைச் செய்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, வாயுவில் ஓடும் கார்களுக்காக எமில் கான்யான் என்ற பொறியாளர் ஒரு ரெகுலேட்டர் செய்திருந்தார். கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் அவரும் சேர்ந்து அதை மனிதன் சுவாசிக்கத் தக்கதாக மாற்றினார்கள். 1943இல் 'அக்வாலங்' பிறந்தது. இன்றைய கருவிகள் எல்லாம் அந்த வழி வந்தவையே.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஒன்று: சமன் செய்யப்பட்டதா? சமன் செய்யப்படாத முதல் நிலையில் சிலிண்டரின் அழுத்தமே வால்வின்மேல் விழுகிறது. சிலிண்டர் காலியாகக் காலியாக மூச்சு கனக்கும். சமன் செய்யப்பட்டதில் 200 பாரிலும் 50 பாரிலும் மூச்சு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சொந்தமாக வாங்குவதென்றால் இதில் சிக்கனம் வேண்டாம்.

இரண்டு: பிஸ்டனா, சவ்வா? பிஸ்டன் வகையில் அசையும் பாகங்கள் குறைவு. பழுது பார்ப்பது எளிது. ஆனால் கடல்நீர் உள்ளிருக்கும் சுருள்வில்லைத் தொடும். சவ்வு வகையில் உப்பும் மணலும் உள்ளே புகாது, பாகங்கள் அதிகம். இரண்டும் நல்லவையே. உறைகுளிர் நீருக்கென்று செய்த விலையுயர்ந்த வகை நம் வெதுவெதுப்பான கடலுக்குத் தேவையில்லை.

மூன்று: மாட்டும் முறை. சிலிண்டரைக் கவ்விப் பிடிப்பது 'யோக்' வகை. மரை போட்டு முறுக்குவது 'டின்' வகை. டின் உறுதியானது. ஆனால் நீங்கள் போகும் பயிற்சி நிலையத்தின் சிலிண்டருக்குப் பொருந்தாவிட்டால் பயனில்லை. முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், மாற்றி இணைக்கும் துண்டும் கிடைக்கிறது.

நான்கு: 'ஆக்டோபஸ்' எனும் மாற்று இரண்டாம் நிலை. மஞ்சள் நிறத்தில் இருக்கும். உடன் வருபவருக்குக் காற்று தீர்ந்தால் நீட்டுவதற்கு. அதையும் தரமானதாகவே வாங்குங்கள்.

ஐந்து: ஈ.என். 250 என்ற ஐரோப்பியத் தரக் குறியீடு கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு பச்சை வடிகட்டி

என் தங்கை மகன் யாரிடமோ ஒரு பழைய ரெகுலேட்டரை மலிவாக வாங்கிவிட்டான். பளபளவென்றுதான் இருந்தது. நேத்ராணியில் 18 மீட்டர் ஆழம். சிலிண்டரில் 60 பார் இருக்கையில் மூச்சு வரவில்லை. இழுத்தால் வைக்கோல் குழாயில் பாயசம் உறிஞ்சுவதுபோல் இருந்ததாம். நல்ல வேளையாகப் பயிற்றாளர் அருகில் இருந்தார். தன் மஞ்சள் ஆக்டோபஸை நீட்டினார். இருவரும் மெதுவாக ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, மேலே வந்தார்கள்.

மறுநாள் பெட்டியோடு என் வீட்டு வாசலில் நின்றான். "மாமா, படகுலயே மூச்சு இழுக்கும்போதெல்லாம் முள்ளு ஆடுச்சு. நான்தான் கண்டுக்கல" என்றான். முதல் நிலையின் வாயிலில் பொத்தான் அளவில் ஒரு வடிகட்டி உண்டு. அது பச்சை பூத்திருந்தது. உப்புநீர் உள்ளே புகுந்து பித்தளையைத் தின்றதன் அடையாளம் அது. காற்று புகவே வழியில்லை. அன்று அவன் அம்மாவிடம் நாங்கள் இருவரும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

எனவே, புதியதோ பழையதோ, இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்:

1. வடிகட்டியின் நிறம் பாருங்கள். பச்சை என்றால் உப்புநீர். செம்பழுப்பு என்றால் இரும்புச் சிலிண்டரின் துரு. இரண்டும் ஆகாது.

2. சிலிண்டரில் மாட்டுமுன், மூடியைப் போட்டு, வாயில் வைத்து இழுங்கள். காற்று வரக் கூடாது. வந்தால் எங்கோ ஓட்டை. கடலில் அந்த வழியே நீர் வரும்.

3. மாட்டியபின் சிலிண்டர் வால்வை முழுதும் திறந்து, அழுத்தமானியைப் பார்த்தபடி ஆறேழு முறை ஆழ்ந்து மூச்சிழுங்கள். முள் ஆடக் கூடாது.

4. சிலிண்டர் வால்வை மூடிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். முள் இறங்கினால் கசிவு. வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி இடத்தைக் காட்டிவிடும்.

வாங்கிய பிறகு

ஒவ்வொரு முழுக்குக்குப் பின்னும் நன்னீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். அதற்குமுன் முதல் நிலையின் மூடியை ஈரம் துடைத்துப் போட வேண்டும். கழுவும்போது இரண்டாம் நிலையின் நடுப் பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்தினால் நீர் குழாய் வழியே முதல் நிலைக்குப் போய்விடும். பச்சை வடிகட்டிகள் பெரும்பாலும் மூடியை மறப்பதால்தான் உண்டாகின்றன. நிழலில் உலர்த்துங்கள். தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை, பிரித்துத் துடைத்து ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும்.

வாங்குவதற்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: இந்த வகையைப் பழுது பார்க்கப் பயிற்சி பெற்றவர் எங்கே இருக்கிறார்? உதிரிப் பாகம் கிடைக்குமா? விடை இல்லாவிட்டால் எவ்வளவு பெயர்பெற்ற கருவியானாலும் வேண்டாம். ஆண்டுக்கு இரண்டே முறை கடலுக்குப் போகிறவர் சொந்தமாக வாங்கவே வேண்டாம். நல்ல நிலையத்தில் வாடகைக்கு எடுத்து, மேலே சொன்ன சோதனைகளைச் செய்தாலே போதும்.

என் தாத்தா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். அங்கே முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நின்றுவிட்டாலும் சங்கு குளிப்பது தொடர்ந்தது. இடுப்பில் கயிறு கட்டிக் கல்லைப் பிடித்து இறங்குபவரின் கயிற்றைப் படகில் மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலியறுக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. இன்று அந்தக் கயிறு கருவியைப் பிரித்துப் பூட்டும் பழுதுபார்ப்பவர் கையில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள், தடுக்காதீர்கள். ஆனால் கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் அந்தக் கையைத் தேர்ந்தெடுங்கள்.