பாத்ரூம் லைட்டில் கை வைக்கும் முன்...

பாத்ரூம் பல்பு போய்விட்டதா? ‘இதற்குப் போய் எலக்ட்ரீஷியனா?’ என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்களா? தாராளமாக மாற்றுங்கள். ஆனால், எதுவரை நீங்களே செய்யலாம் என்பதற்குச் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது.

1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் தொடங்கி, மத்திய மின்சார ஆணையம் 2010-லும் 2023-லும் கொண்டுவந்த பாதுகாப்பு விதிமுறைகள் வரை அந்தக் கோடு அப்படியேதான் இருக்கிறது. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், ஸ்விட்ச் இவற்றில் பழுதானதை எடுத்துவிட்டு அதே மாதிரி புதியதைப் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடிக்கு மேலே புது பாயின்ட், அதற்குப் புது வயர் என்று கிளம்பினால் அது அரசு உரிமம் பெற்ற கான்ட்ராக்டரின் வேலை. ‘எங்க மச்சானுக்குக் கரண்ட் வேலை அத்துப்படி’ என்பதெல்லாம் செல்லாது!

பாத்ரூமில் மட்டும் ஏன் இத்தனை பயம்? காய்ந்த தோல் கரண்டை ஓரளவு தடுக்கும். நனைந்துவிட்டால் அந்தத் தடை வெகுவாகக் குறைந்துவிடும். போதாததற்கு ஈரத்தரையில் வெறுங்கால். ஹாலில் ‘சுரீர்’ என்று உதறிவிட்டுப் போகும் அதே 230 வோல்ட், இங்கே ஆளையே முடித்துவிடலாம்.

‘ஸ்விட்சை அணைத்துவிட்டேனே’ என்பீர்கள். போதாது. சில வீடுகளில் ஸ்விட்சை ஃபேஸில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள். விளக்கு அணைந்துவிடும், ஹோல்டரில் கரண்ட் அப்படியே இருக்கும்! ஆகவே மெயினை அணையுங்கள். அதோடும் முடியவில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? நீங்கள் மெயினை அணைத்ததும், பவர்கட் என்று நினைத்துக்கொண்டு அது பாட்டரியிலிருந்து அதே லைனுக்குக் கரண்டை அனுப்ப ஆரம்பித்துவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்த பிறகு ஹோல்டரில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். டெஸ்டரே பழுதாக இருக்கலாம் இல்லையா? மெயினை அணைக்கும் முன்பே வேறொரு பாயின்ட்டில் அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷவர் பக்கம் திறந்த ஹோல்டர் வேண்டாம். மூடிய விளக்காக வாங்குங்கள், பெட்டியில் ‘ஐ.பி. 44’ என்று போட்டிருந்தால் தண்ணீர் தெறித்தாலும் தாங்கும்.

‘எங்க வீட்ல எம்.சி.பி. இருக்கே!’ அது வயர் சூடாகி எரியாமல் காக்கத்தான். ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும்.

யாரையாவது ஷாக் பிடித்துக்கொண்டால் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயின், உடனே இன்வெர்ட்டர், பிறகு 108. எழுந்து உட்கார்ந்து ‘ஒண்ணுமில்லே’ என்று சொன்னாலும் டாக்டரிடம் அழைத்துப்போய் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.