பட்டையைப் படிப்போம்

நுழையும்முன்
கொல்லையில் நிற்கும் மாமரத்தின் நோயை நாம் பெரும்பாலும் இலை வாடிய பின்னரே அறிகிறோம். அதற்குப் பல திங்கள் முன்பே பட்டை அதனைக் காட்டியிருக்கும்.

மரப்பட்டை வெறும் போர்வை அன்று. உலர்ந்து வெடித்த வெளிப்பகுதி கவசமாகும். அதனுள்ளே, இலைகள் ஆக்கிய உணவை வேருக்குக் கொண்டுசெல்லும் புளோயம் அமைந்துள்ளது. அதனை அடுத்து, தண்டைப் பருக்கச் செய்யும் கேம்பியம் என்னும் மெல்லிய படலம் உள்ளது. வேர் உறிஞ்சும் நீரோ இவற்றுக்கும் உள்ளே இருக்கும் கட்டையின் வழியே மேலேறுகிறது. ஆதலால், சுற்றிலும் பட்டை உரிந்த மரம் உடனே வாடுவதில்லை. நீர் கிடைப்பதால் இலைகள் பசுமையாகவே இருக்கும். உணவு பெறாத வேர்களோ மெல்ல மடியும். இலை வாடும்போது காலம் கடந்திருக்கும்.

காரணம் அறிதல்
மரத்துகளும் எச்சமும் நூலால் பிணைந்து, நாடா போலப் பட்டைமேல் படர்ந்திருந்தால் அது பட்டை தின்னும் புழுவின் கூடு. அப்புழு பகலில் கவட்டைத் துளையில் ஒளிந்திருந்து, இரவில் பட்டையைச் சுரண்டித் தின்னும். தண்டிலுள்ள துளையிலிருந்து மரத்தூள் உதிர்ந்தால் தண்டு துளைப்பானை ஐயுறலாம். பட்டை வெடித்துக் கறுத்துப் பிசின் வடிவது பூஞ்சை நோயின் அறிகுறியாகலாம். துணி உலர்த்தக் கட்டிய கம்பியும் தண்டு பருக்கப் பருக்க இறுகிப் பட்டையை அறுத்துவிடும்.

பேணும் முறை
முதலில் காயத்தின் அகலத்தை நோக்குக. அது தண்டின் சுற்றளவில் கால் பங்கிற்கும் குறைவாயின், நலமான மரம் பெரும்பாலும் தேறிவிடும். பாதியைக் கடந்தால் இடர் மிகுதி. காயத்தின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கீறுக. பசுமையும் ஈரமும் தோன்றினால் அப்பகுதி உயிருடன் உள்ளது. தளர்ந்த, மடிந்த பட்டையை மட்டும் தூய கத்தியால் நீக்குக. உயிருள்ள பட்டையைத் தொடலாகாது.

புழுத்துளையாயின் கூட்டைத் துடைத்தகற்றி, கம்பியைச் செலுத்திப் புழுவைக் கொன்று, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்துக் களிமண்ணால் அடைக்க வேண்டும். பூஞ்சை தாக்கிய இடத்தில் போர்டோ பசை பூசலாம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்துக் கலந்தால் அப்பசை கிடைக்கும். இதற்கு மண் அல்லது நெகிழிக் கலம் ஏற்றது. உலோகக் கலம் ஆகாது. காயத்தைத் தாரும் சிமெண்டும் கொண்டு மூடுதல் தவறு. உள்ளே ஈரம் தங்கி அழுகல் பெருகும்.

மரம் இழந்த திசுவை மீண்டும் பெறுவதில்லை. காயத்தின் ஓரங்களிலிருந்து புதுத்திசு வளர்ந்து அதனை மூடுகிறது. இதற்கு ஆண்டுகள் பல ஆகலாம். அதுவரை வேருக்கு நீரும் மூடாக்கும் அளித்து, புதிய காயம் நேராமல் காப்பது நம் கடமை.

தெரிந்து தெளிவோம்
புறத்தே வன்மை உடையதைப் புல் என்றும் அகத்தே வன்மை உடையதை மரம் என்றும் தொல்காப்பியம் பகுக்கிறது. இதன்படி மா மரமாகும், தென்னை புல்லாகும். தென்னையில் கேம்பியம் இல்லை. எனவே, ஏறுவதற்காக அதன் தண்டில் வெட்டிய படிகள் ஒருநாளும் மூடுவதில்லை.