கிளிக்கி மொழிக்குக் கணினியில் இடம் உண்டா?

'கநீ கவா' என்றால் உங்களுக்குப் புரிகிறதா? புரிந்தால் நீங்களும் 'க' பாஷை பேசியவர்தான். ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் ஒரு 'க' போட்டால் 'நீ வா' என்பது 'கநீ கவா' ஆகிவிடும். விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் பிரம்மதேசத்தில், பெரியவர்களுக்குப் புரியாமல் ரகசியம் பேச எங்களுக்கு இதுதான் கை கொடுத்தது.

ஆனால் இது புது மொழி அல்ல. கணினி பாஷையில் சொன்னால் ஒரு சின்ன என்கிரிப்ஷன், அவ்வளவுதான். 'க'வை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது தமிழ். புது மொழி என்றால் சொந்தச் சொற்களும் சொந்த இலக்கணமும் வேண்டும்.

கிளிக்கி பிறந்த கதை

அப்படி ஒரு மொழி நம்மிடமே இருக்கிறது. 2015-ல் வந்த 'பாகுபலி' படத்தில் காலகேயர்கள் பேசுவது வெறும் கூச்சல் அல்ல. அதன் பெயர் கிளிக்கி. உருவாக்கியவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி. ஆஸ்திரேலியாவில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது, குழந்தைகளுடன் விளையாட்டாகச் சுமார் 100 சொற்களோடு அவர் ஒரு மொழி அமைத்தார். படத்துக்காக அதையே சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள் என்று வளர்த்தார். 'மின்' என்றால் நான். அதைத் திருப்பிப் போட்டு 'நிம்' என்றால் நீ! எதிர்ச்சொல்லை மனப்பாடம் செய்யும் வேலை பாதி மிச்சம். 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று கிளிக்கியைக் கற்றுத் தரும் இணையதளம் தொடங்கப்பட்டது. மொழிக்குத் தனி எழுத்துகளும் வந்தன.

கிளிங்கானுக்கு மறுப்பு

இதற்கு அண்ணன் ஒருவர் உண்டு. 'ஸ்டார் டிரெக்' படங்களுக்காக மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட் அமைத்த கிளிங்கான் மொழி. 1985-ல் அதற்கு அகராதியே வெளிவந்தது. 1992-ல் அமெரிக்காவில் கிளிங்கான் மொழிக் கழகம் தொடங்கினார்கள். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தையும் ரசிகர்கள் அந்த மொழியில் பெயர்த்துவிட்டார்கள்.

இவ்வளவு இருந்தும், கிளிங்கான் எழுத்துகளை யூனிகோடில் சேர்க்கக் கேட்டபோது 2001-ல் மறுத்துவிட்டார்கள். முக்கியக் காரணம் என்ன தெரியுமா? மொழியைக் கற்றவர்களே அதை ஆங்கில எழுத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். தன் எழுத்தைத் தானே பயன்படுத்தாத மொழிக்கு எண் எதற்கு என்பதுதான் கேள்வி.

நீங்களே செய்து பாருங்கள்

யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம்.

1. விண்டோஸில் எம்.எஸ். வேர்டைத் திறந்து, நம் லாக்கை ஆன் செய்யுங்கள்.

2. ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டே, வலப்பக்க எண் பலகையில் 2965 என்று தட்டி, கையை எடுங்கள். 'க' வரும்.

3. அதேபோல் 63696 தட்டுங்கள். பெரும்பாலும் வெறும் கட்டம்தான் வரும்.

அந்தக் கட்டம் இருப்பது 'தனியார் பயன்பாட்டுப் பகுதி'. 57344 முதல் 63743 வரை மொத்தம் 6400 இடங்கள். இங்கே யார் வேண்டுமானாலும் எதையும் வைத்துக்கொள்ளலாம். கிளிங்கான் ஆர்வலர்கள் தங்கள் எழுத்துகளை 63696 முதல் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஃபாண்ட் இல்லாதவருக்குக் கட்டம்தான் மிச்சம்.

நமக்கு என்ன பாடம்?

1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அதன் பிறகும் பல ஆண்டுகள் நாம் ஆளுக்கொரு ஃபாண்டில் தட்டிக்கொண்டிருந்தோம். ஒரு சென்டரில் அடித்த மனுவை இன்னொரு சென்டரில் திறந்தால் கொக்கி கொக்கியாகத் தெரிந்தது நினைவிருக்கிறதா? இருந்த இடத்தைப் பயன்படுத்தாததால் வந்த வினை அது.

உங்கள் பழைய கோப்புகளை இன்றே சோதியுங்கள். தமிழ் வரிகளைத் தேர்ந்தெடுத்து, ஃபாண்டை ஏரியல் என்று மாற்றுங்கள். தமிழாகவே இருந்தால் அது யூனிகோட். ஆங்கில எழுத்துக் குவியலாக மாறினால் அது பழைய ஃபாண்ட் முறை. உடனே அன்டூ கொடுத்துவிட்டு, எழுத்துரு மாற்றி மென்பொருள் ஒன்றால் யூனிகோடுக்கு மாற்றிச் சேமியுங்கள். குடும்பக் கணக்கு, ஊர்க் கோயில் வரலாறு என்று எது இருந்தாலும் முதலில் அதை மாற்றுங்கள். அந்த ஃபாண்ட் கிடைக்காமல் போனால் அதைப் படிக்கவும் முடியாது.

அப்புறம், நண்பருக்குச் செய்தி அனுப்பும்போது 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டாமல் தமிழிலேயே தட்டுங்கள். கிளிங்கானுக்குக் கிடைக்காத இடம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் உட்கார வேண்டியது நாம்தான்.

கிளிக்கி கற்க ஆசையா? தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு சொற்கள் இப்போதே தெரியுமே: மின், நிம்!