குடியிருப்பின் கழிவுநீர்க் குளமும் ஆற்றின் நலமும்

குளித்த நீரும், பாத்திரம் கழுவிய நீரும், கழிவறை நீரும் வீட்டை விட்டு அகன்றதும் நாம் அவற்றை மறந்துவிடுகிறோம். ஆனால், அந்நீர் மறைந்துவிடுவதில்லை. இறுதியில் ஓர் ஆற்றையோ கடலையோ சென்றடைகிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் அதே நீரை எடுத்துச் சுத்திகரித்துப் பருகும் மக்கள் இருக்கக்கூடும். ஆகவே, கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி வெளியேற்றுவது நமது கடமையாகும்.

மலேசியாவில் கழிவுநீர் நிலையங்களை வடிவமைக்கையில், ஒருவருக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர் எனக் கணக்கிடுகின்றனர். அதன்படி, 1,000 பேர் வாழும் குடியிருப்பின் ஒரு நாள் கழிவுநீர் 225,000 லிட்டராகும்.

குளம் செய்யும் பணி

சிறு குடியிருப்புகளுக்கு ஏற்ற எளிய முறை, ஆக்சிஜனேற்றக் குளமாகும். இதில் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. வெயிலும் காற்றும் நுண்ணுயிர்களுமே தொழிலாளர்கள்.

கழிவுநீர் குளத்தினுள் புகுந்ததும் கனமான கசடு அடியில் படிகிறது. அங்கே பிராணவாயு இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கின்றன. மேற்பரப்பில் பச்சைப் பாசி சூரிய ஒளியால் வளர்ந்து பிராணவாயுவை வெளிவிடுகிறது. அதனைக் கொண்டு வேறு நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த அழுக்கை உண்கின்றன. அவை வெளிவிடும் கரியமிலவாயு பாசிக்கு உணவாகிறது. இங்ஙனம் ஒன்றுக்கொன்று உதவி, பல நாள்களில் நீரைத் தெளிவிக்கின்றன. ஆழம் குறைந்த கடைசிக் குளத்தில் வெயிலே நோய்க்கிருமிகள் பலவற்றை அழிக்கிறது.

பச்சை நிறக் குளத்தைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். அது நலமுள்ள குளம். நீர் கறுத்துத் துர்நாற்றம் வீசினால்தான், குளம் தன் சக்திக்கு மீறிச் சுமக்கிறது என்று பொருள்.

ஆற்றுக்கு நேரும் கேடு

அரைகுறையாகத் தூய்மையான நீர் ஓடையில் கலந்தால், அதிலுள்ள அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஓடையின் பிராணவாயுவையே உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சுத் திணறி மேலே வந்து வாய் பிளக்கும், பின் மடியும். இந்தப் பிராணவாயுத் தேவையை அளந்தே நீரின் தரம் நிர்ணயிக்கப்படுகிறது. சுத்திகரிக்கப்படாத வீட்டுக் கழிவுநீரில் அது லிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராம். 2009ஆம் ஆண்டின் கழிவுநீர் விதிமுறைகளின்படி, புதிய நிலையங்கள் வெளியேற்றும் நீரில் அது 50 மில்லிகிராமை மீறலாகாது. குடிநீர் எடுக்கும் இடத்திற்கு மேற்பகுதியில் 20 மில்லிகிராமே உச்ச அளவு. கீழே பருகுவோரைக் காக்கவே இக்கண்டிப்பு.

நாம் செய்ய வேண்டியவை

1. சமையல் எண்ணெயைத் தொட்டியில் ஊற்றலாகாது. அது குழாயை அடைக்கும். குளத்தின் மேல் படலமாகப் பரவும்.

2. களைக்கொல்லித் தோம்பைக் கழிவுநீர்த் தொட்டியில் கழுவுதல் கூடாது. அந்நஞ்சு நமக்காக உழைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

3. மழைநீர்க் கால்வாயைக் கழிவுநீர்க் குழாயுடன் இணைத்தலாகாது. பெருமழையில் கழிவுநீர் போதிய நாள் தங்காமல், அழுக்குடனே வெளியேறிவிடும்.

4. குளத்தை ஆகாயத்தாமரை மூடினால் ஒளி புகாது, பாசி மடியும். உடனே பொறுப்பாளரிடம் தெரிவித்தல் வேண்டும்.

5. குளத்து நீர் விழும் ஓடையில் பிள்ளைகளைக் குளிக்க விடலாகாது. அந்நீரைக் கீரைக்கும் பாய்ச்சலாகாது. நீர் தெளிவாகத் தோன்றினும், வயிற்றுப்போக்கு, டைபாய்டு முதலிய நோய்க்கிருமிகள் எஞ்சியிருக்கக்கூடும்.

மேல்நிலத்தில் வாழ்வோர் விடும் நீரே கீழ்நிலத்தில் வாழ்வோர் பெறும் நீர். நமக்கும் மேலே ஒரு குடியிருப்பு உண்டு என்பதை மறவாதிருப்போமாக.