தரையைக் கழுவும் முன்

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் சந்தேகப்படும்படி ஒரு சாவு விழுந்தால், உடல் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிணவறைக்குப் போகும். வழக்கு என்று ஆனால் செங்கல்பட்டு நீதிமன்றம். ஜி.எஸ்.டி. சாலையில் கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரத்தை உடல் கடப்பதற்குள் வீட்டில் பல காரியங்கள் நடந்து முடிந்துவிடுகின்றன. தரையில் தண்ணீர் ஊற்றியாயிற்று, கயிற்றை அறுத்து எறிந்தாயிற்று, துணியை ஊறப்போட்டாயிற்று, இறந்தவரின் செல்போன் யாரோ ஒருவரின் சட்டைப்பைக்குப் போயாயிற்று. இதையெல்லாம் செய்பவர் கொலைகாரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சித்தப்பாவாக இருக்கலாம், எதிர்வீட்டு அக்காவாக இருக்கலாம், வாடகைக்கு விட்ட ஹவுஸ் ஓனராக இருக்கலாம். அவர்கள் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்களைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

“நாம என்ன கொலையா பண்ணோம்? சுத்தம்தானே பண்ணோம்.”

கொலை செய்யாதவருக்கும் இதில் தனிக் குற்றம் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 201-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 238. ஒரு குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ, குற்றவாளியைத் தண்டனையிலிருந்து காப்பாற்றும் எண்ணத்தோடு சாட்சியத்தை இல்லாமல் செய்தாலும், தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தாலும் இது பாயும். மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தை மறைத்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம். கொலை அந்த வகையில் வருகிறது. ஆயுள் தண்டனையோ பத்தாண்டு வரையிலான சிறையோ விதிக்கக்கூடிய குற்றம் என்றால் மூன்று ஆண்டு வரை. வரதட்சணைச் சாவு இதில் அடங்கும். அதற்கும் குறைந்த குற்றங்களுக்கு, மூலக் குற்றத்தின் அதிகபட்ச தண்டனையில் நாலில் ஒரு பங்கு. நம் சாலையில் கவனக்குறைவாக ஓட்டி ஒருவரைக் கொன்றுவிட்ட வண்டியின் ரத்தத்தை, விஷயம் தெரிந்தே கழுவித் தருகிற ஷெட்காரரை எடுத்துக்கொள்வோம். மூலக் குற்றத்துக்கு ஐந்து ஆண்டு என்றால் இவருக்கு ஒன்றேகால் ஆண்டு வரை.

ஆனால் தெரிந்து செய்தாரா, காப்பாற்றுவதற்காகச் செய்தாரா என்ற இரண்டையும் அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். 1952-ல் பல்விந்தர் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. கணவரின் உடல் டிரங்குப் பெட்டியில் கிணற்றுக்குள் கிடந்தது. சந்தேகம் மலைபோல் இருந்தது. ஆனாலும் அவர் கொலை செய்யப்பட்டார் என்பதே நிரூபணமாகாத நிலையில், சந்தேகத்தை வைத்து மனைவியைத் தண்டிக்க முடியாது என்று விடுதலை செய்தார்கள். எனவே ஒன்றும் புரியாத பதற்றத்தில் தரையைத் துடைத்த ஒரு அம்மாவை இந்தப் பிரிவு குற்றவாளி ஆக்கிவிடாது. இது தெரியாததால்தான் பலர், துடைத்ததையே மறைத்துப் பேசத் தொடங்குகிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

“கழுவிட்டா ஒண்ணும் தெரியாது.”

ரத்தம் அவ்வளவு எளிதில் போவதில்லை. தரையின் வெடிப்பிலும் கதவு நிலையின் அடியிலும் கொஞ்சம் தங்கும். தடயவியல்காரர்கள் வேதிப்பொருளைக் கொண்டு அதைக் காட்டிவிடுவார்கள். கழுவும்போது அழிந்து போவது அது தெறித்த விதம். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது, அடிபட்டபோது ஆள் நின்றிருந்தாரா, கிடந்தாரா என்பதை அந்தத் துளிகளின் வடிவம்தான் சொல்லும். தானாக வழுக்கி விழுந்தவர் என்றாலும் அதுதான் சொல்லும். வீட்டார்மேல் தவறில்லை என்று காட்டியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை வீட்டாரே வாளித் தண்ணீரில் கரைத்துவிடுவது எனக்குப் பொறுக்க முடியாததாகப் படுகிறது.

கயிறும் அப்படித்தான். தூக்கில் தொங்கியவரின் கழுத்தில் தடம் பெரும்பாலும் மேல்நோக்கிச் சாய்வாக, ஒரு பக்கம் விட்டுப்போய் இருக்கும். கழுத்தை நெரித்துக் கொன்றால் தடம் கிடைமட்டமாக, கழுத்தைச் சுற்றி முழுசாக இருப்பது வழக்கம். அந்தத் தடத்தோடு கயிற்றின் பருமனையும் முறுக்கையும் முடிச்சையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உயிர் இருக்கலாம் என்று தோன்றினால் ஒரு நொடிகூட யோசிக்காமல் அறுத்து இறக்குங்கள். உயிரைக் காப்பாற்ற முயல்வது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. அறுக்கும்போது முடிச்சை விட்டுத் தள்ளி அறுங்கள், கயிற்றைத் தூக்கி எறியாதீர்கள். அவ்வளவு போதும்.

“பொணமே கிடைக்கலன்னா கேஸே நிக்காது.”

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடல் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இந்த எண்ணம் சுலபமாக வருகிறது. 1952 ஆகஸ்டில் சென்னையில் ஆளவந்தார் என்ற பேனா வியாபாரியைக் கொன்ற கணவனும் மனைவியும் அப்படித்தான் நினைத்தார்கள். தலையை ராயபுரம் கடற்கரையில் போட்டார்கள். உடலை டிரங்குப் பெட்டியில் அடைத்துத் தனுஷ்கோடி போகும் போட் மெயிலில் ஏற்றினார்கள். சிங்கப்பெருமாள் கோயிலையும் செங்கல்பட்டையும் கடந்து தெற்கே போன அந்தப் பெட்டி மானாமதுரையில் நாற்றமெடுத்துப் பிடிபட்டது. தலையும் கரையிலேயே போலீஸ் கைக்குக் கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று மருத்துவர்கள் நிறுவினார்கள். நீதிபதி ஏ.எஸ்.பி. அய்யர் கணவனுக்கு ஏழு ஆண்டும் மனைவிக்கு மூன்று ஆண்டும் விதித்தார்.

நம் மாவட்ட நீதிமன்றமே பார்த்த வழக்கு ஆட்டோ சங்கருடையது. ஆறு கொலைகள். திருவான்மியூர் பெரியார் நகரில் வீட்டுக்குள்ளேயே உடல்களைப் புதைத்தார்கள். எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்து, மண்டையோட்டின் படத்தையும் இறந்தவர் உயிரோடு இருந்தபோது எடுத்த புகைப்படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி அடையாளம் கண்டார்கள். 1991 மே 31 அன்று செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றமும் 1994-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கு.

உடல் சுத்தமாகக் கிடைக்காமலே போனாலும் வழக்கு நிற்கும். சேவகப் பெருமாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்னது இதுதான்: இறந்தார் என்பதை மற்ற எந்த விஷயத்தையும்போல் சாட்சியத்தால் நிரூபிக்கலாம், உடல் கட்டாயமில்லை. கட்டாயம் என்று வைத்தால், உடலை ஒழிக்கத் தெரிந்தவன் தப்பித்துவிடுவான் அல்லவா?

“தண்டவாளத்துல கெடந்தா ரயில் அடிச்சதுன்னு முடிச்சிடுவாங்க.”

ரயில் பாதையை ஒட்டி வாழ்கிற நமக்கு இதை நம்புவது எளிது. 2015 ஜூனில், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தோழியோடு வந்திருந்த ஓமலூர் கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞரைச் சாதி வெறியில் கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில், தலை துண்டான நிலையில் உடல் கிடந்தது. தற்கொலை என்று காட்டக் கடிதமும் எழுதி வாங்கியிருந்தார்கள். முதலில் சந்தேக மரணமாகத்தான் பதிவானது. ஆனால் கோயில் கேமரா அவர் வந்ததையும் அழைத்துச் செல்லப்பட்டதையும் பிடித்து வைத்திருந்தது. முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும் அந்தப் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் முக்கியக் குற்றவாளியான யுவராஜுக்கும் கூட்டாளிகளுக்கும் ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் கோயிலுக்கும் தண்டவாளத்துக்கும் நேரிலேயே போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூனில் யுவராஜின் தண்டனை உறுதியானது.

இதனால்தான் ஜி.எஸ்.டி. சாலைக் கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கேமராவின் பழைய பதிவு, சில நாளிலோ சில வாரத்திலோ தானாகவே அழிந்து அதன்மேல் புதியது ஏறிவிடும். அது உங்கள் குற்றமில்லை. பக்கத்தில் ஏதாவது நடந்தது என்று கேள்விப்பட்டால் அன்றைய பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள். நீதிமன்றமோ போலீஸோ சட்டப்படி கேட்கக்கூடிய மின்னணுப் பதிவை, கிடைக்கக்கூடாது என்று வேண்டுமென்றே அழித்தால் நியாய சன்ஹிதாவின் 241-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் இது இரண்டு ஆண்டாக இருந்தது. வாட்ஸ்அப் உரையாடலை அழிப்பவருக்கும் இது பொருந்தும்.

“பெத்தவ புள்ளையக் காப்பாத்தாம வேற யாரு காப்பாத்துவா?”

குற்றவாளிக்கு அடைக்கலம் தருவது பற்றிய பிரிவில் கணவன் மனைவிக்கு விலக்கு உண்டு. சாட்சியத்தை அழிப்பதற்கு யாருக்கும் விலக்கு இல்லை, தாய்க்கும் இல்லை.

“போலீஸே மறைச்சா யாரு கேக்கறது?”

சாத்தான்குளம் நடந்த பிறகும் இப்படிக் கேட்கிறோமே என்று வருத்தமாக இருக்கிறது. 2020 ஜூனில் போலீஸ் காவலில் தாக்கப்பட்ட தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இறந்தபின் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு விசாரணைக்குப் போனவர் நீதித்துறை நடுவர். வன்தட்டில் போதிய இடம் இருந்தும் சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று அவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருக்கிறது, அழித்துவிடுவார்கள், உடனே கைப்பற்றுங்கள் என்று அவரிடம் சொன்னவர் அதே நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். பயந்துகொண்டேதான் சொன்னார், ஆனாலும் சொன்னார். சி.பி.ஐ. தன் குற்றப்பத்திரிகையில் கொலையோடு 201-வது பிரிவையும் சேர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

“மானம் போயிடும், சீக்கிரம் எடுத்துடுங்க.”

எல்லாவற்றிலும் ஆபத்தானது இந்தப் பேச்சுதான், ஏனென்றால் அக்கறையின் குரலில் வருகிறது. புதைத்த உடலை நடுவர் உத்தரவால் தோண்டிப் பார்க்கலாம். எரித்த உடலை என்ன செய்வது? கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் சந்தேகமாக இறந்தால் பிரேதப் பரிசோதனை கட்டாயம். கோட்டாட்சியர் விசாரணையும் நடக்கும். அவள் உடம்பில் இருக்கும் காயத்தைப் பற்றி அவளால் இனி வாய் திறந்து சொல்ல முடியாது. அது தெரிந்தும் மாரடைப்பு என்று ஊருக்குச் சொல்லி விடிவதற்குள் சிதை மூட்டும் உறவினர், கௌரவத்தைக் காத்ததாக நினைத்துக்கொள்ளலாம். அவளுக்குக் கடைசியாக இருந்த ஒரு நியாயத்தைத்தான் அவர் எரிக்கிறார்.

கொலை நடந்தது தெரிந்தால், தக்க காரணம் இல்லாமல் போலீஸுக்கோ நடுவருக்கோ சொல்லாமல் இருக்கக்கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33-வது பிரிவு எல்லோர்மேலும் கடமை வைத்திருக்கிறது. சரி, பதற்றத்தில் கழுவிவிட்டீர்கள், கட்டிலை நகர்த்திவிட்டீர்கள், கயிற்றைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். இன்ஸ்பெக்டர் வந்ததும் முதல் வாக்குமூலத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள்: எதை, எத்தனை மணிக்கு, யார் சொல்லி, எதில் துடைத்தீர்கள், அந்தத் துணி இப்போது எங்கே. துணியைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் கட்டாமல் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் கட்டினால் கறை கெட்டுப்போகும்.