'யவனர்': ஒரு கிரேக்கப் பெயரின் பொருள்விரிவு

முன்னுரை

கிரேக்கர் தம்மை 'எல்லேனர்' என்று அழைத்துக்கொண்டனர். கீழை நாடுகள் அவர்களை அப்பெயரால் அறியவில்லை. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் வாழ்ந்த அயோனியர் என்னும் ஒரு பிரிவினரின் பெயரே அங்கு இனம் முழுமைக்கும் ஆகிவந்தது. தமிழில் 'யவனர்' என வழங்குவதும் அப்பெயரே. அப்பெயர் வெவ்வேறு மொழிகளில் கொண்ட பொருள்களை ஆராய்ந்து, சங்க இலக்கியத்தில் அதற்குக் 'கிரேக்கர்' என்று மட்டும் பொருள்கொள்வது தகுமா என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பெயரின் பயணம்

ஓமரின் இலியத்து காப்பியத்தில் இப்பெயர் 'இயாஒனெஸ்' என இடம்பெறுகிறது. இதன் நடுவில் முன்பிருந்த வகர ஒலி பிற்காலக் கிரேக்கத்தில் மறைந்தது. ஈபுரு மொழியின் 'யாவான்' என்னும் வடிவில் அது நிலைத்துள்ளது. பாரசீக மன்னன் முதலாம் தாரியசின் பெகிசுதூன் கல்வெட்டில் (கி.மு. 6ஆம் நூற்றாண்டு) 'யௌன' என்னும் சொல் காணப்படுகிறது. பாரசீகர் முதலில் எதிர்கொண்டவர் அயோனியர் ஆதலின், பின்னர்க் கண்ட கிரேக்கர் அனைவரையும் அப்பெயராலேயே சுட்டினர்.

பாணினியின் இலக்கணம் 'யவன' என்னும் சொல்லைப் பதிவுசெய்துள்ளது. அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு அந்தியோகனை 'யோன' அரசன் என்கிறது. இவ்விடத்தில் பெயர் இன்னும் கிரேக்கரையே குறிக்கிறது.

தமிழில் யவனர்

அகநானூற்றின் 149ஆம் பாடலில் யவனர் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு மீளும் வணிகர். முல்லைப்பாட்டில் அவர் பாசறைக் காவலர், நெடுநல்வாடையில் பாவைவிளக்குச் செய்த கம்மியர், மணிமேகலையில் தச்சர். வியன்னாவில் உள்ள கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஆவணம் முசிறி வணிகத்தைப் பற்றியது. அதன் மொழி கிரேக்கம், ஆட்சியோ உரோமருடையது, அது எழுந்த நிலம் எகிப்து. எனவே, தமிழர் கண்ட யவனர் ஓரினத்தார் மட்டுமே எனக் கொள்வதற்கில்லை. மேலைக் கடல்வழி வந்தோர் என்பதே எல்லா இடங்களுக்கும் பொருந்தும் பொருளாகும்.

சோனகரும் யுனானியும்

யவன, யோன, யோனக என்னும் வடிவங்களின் வழியே 'சோனகர்' என்னும் சொல் தோன்றியது. நச்சினார்க்கினியர் யவனர்க்குச் 'சோனகர்' என்றே உரை எழுதினார். இதனைக் காலமயக்கம் எனத் தள்ளுதல் எளிது. எனினும், அவர் காலத்தில் மேலைக் கடல்வழி வந்தோர் அராபியரே ஆதலின், அவ்வுரை பெயரின் பழைய பயன்பாட்டைத் தொடர்ந்து பின்பற்றுகிறது எனலாம். இலங்கை முசுலிம்கள் இன்றும் 'சோனகர்' எனப்படுகின்றனர். அராபியர் கிரேக்கத்தை 'யூனான்' என்றனர். அதனின்று பிறந்த 'யுனானி' கிரேக்க மருத்துவ மரபின் பெயராக இந்தியாவில் நிலைபெற்றது. இங்ஙனம், ஒரே வேரில் கிளைத்த இரு சொற்களுள் ஒன்று கிரேக்கத் தொடர்பை இழந்தது. மற்றொன்று அதனைக் காத்தது.

முடிவுரை

யவனர் என்பது அப்பெயருக்கு உரியோர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. எதிர்கொண்டோர் அவர்க்கு இட்டு வழங்கிய பெயர். ஆகவே, அதன் பொருளை வேர்ச்சொல் மட்டும் உறுதிசெய்யாது. வழங்கியவர் யார், எக்காலத்தவர் என்பனவும் சேர்ந்தே உறுதிசெய்யும். சங்கப் பாடல்களை மொழிபெயர்ப்போர் 'கிரேக்கர்' என ஒரே சொல்லால் பெயர்ப்பின், பழந்தமிழர் ஒருங்கே கண்ட பல்லின வணிக உலகம் மறைந்துபோகும். 'யவனர்' என்னும் சொல்லையே நிறுத்தி, இடந்தோறும் குறிப்புரை தருதல் ஆய்வுக்கு ஏற்ற நெறியாகும்.